போர்ட் ட்ரிக்கரிங்: வெளியே போனால்தான் கதவு திறக்கும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் போன் செய்தார்.

"மாப்ள, ரவுட்டர்ல போர்ட் ட்ரிக்கரிங்னு ஒண்ணு இருந்துச்சு. நம்பரெல்லாம் போட்டு சேவ் பண்ணிட்டேன். ஆனா ஆபீஸ்லேர்ந்து பார்த்தா கேமரா வரவே மாட்டேங்குது."

"எந்தக் கேமரா?"

"வாசல்ல மாட்டுன சிசிடிவிதான். டிவிஆர் பெட்டிக்குப் போட்டேன்."

டிவிஆர் (கேமரா காட்சிகளைப் பதிவுசெய்யும் பெட்டி) என்றதுமே விஷயம் விளங்கிவிட்டது. வெளியிலிருந்து நேராகப் பார்க்க நினைத்தால் அந்தப் பெட்டி யாரையும் தேடிப் போகாது. யாராவது வந்து கூப்பிடட்டும் என்று மூலையில் உட்கார்ந்திருக்கும். போர்ட் என்பது மென்பொருள்கள் இணையத்தில் பேசிக்கொள்ளும் எண்ணிட்ட கதவு. போர்ட் ட்ரிக்கரிங்கோ, உள்ளே இருக்கிறவர் முதலில் வெளியே காலடி வைத்தால்தான் அசையும். மச்சான் என்ன எண் போட்டிருந்தாலும் சரி, மெனுவே மாறிப்போனது.

இந்த மெனுவைத் திறக்கும் பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். அதனால் எதைச் சொடுக்குவது என்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கதவு எப்படித் திறக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

வாட்ச்மேன் கதை

வீட்டில் போன், லேப்டாப், டிவி என்று பத்துக் கருவிகள் இருக்கலாம். வெளியுலகத்துக்குத் தெரிவது ஒரே முகவரி. ஐபிவி4 என்ற இணைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலக அளவிலான கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. எனவே வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளைக் கொடுத்துவிட்டு, வெளியே போகும் எல்லாவற்றையும் ஒரே பொது முகவரியில் அனுப்புகிறது ரவுட்டர். இதைத்தான் நாட் என்கிறோம்.

லேப்டாப் ஒரு தளத்தைக் கேட்டால் ரவுட்டர் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். பதில் வந்ததும் குறிப்பைப் பார்த்து லேப்டாப்பிடம் சேர்க்கும். யாரும் கேட்காமல் வருவதை வாசலிலேயே கொட்டிவிடும். பெரும்பாலான வேலைக்கு இது போதும். ஒரு சில மென்பொருள்களிடம்தான் வில்லங்கம்: நாம் ஒரு போர்ட் வழியாக வெளியே போய்ப் பேசுவோம், எதிர்முனை புதிதாக இன்னொரு போர்ட்டில் நம்மைத் தேடி வரும். ரவுட்டரின் குறிப்பில் அப்படி ஒரு ஆளே இல்லை. திருப்பி அனுப்பிவிடும்.

அபார்ட்மென்ட் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். போர்ட் ஃபார்வர்டிங் என்பது பால்காரருக்குக் கொடுத்த நிரந்தர அனுமதி: எப்போது வந்தாலும் நாலாம் நம்பர் வீட்டுக்கு அனுப்பு. அந்த வீட்டில் ஆள் இருக்கிறாரா, ஊருக்குப் போயிருக்கிறாரா என்ற கவலை வாட்ச்மேனுக்கு இல்லை. ட்ரிக்கரிங்கில் உத்தரவு வேறு: "இங்க இருக்கறவங்கள்ல யாரு பிளம்பர் கடைக்குப் போறாங்களோ, அடுத்த கொஞ்ச நேரத்துக்கு எந்த பிளம்பர் வந்தாலும் அவங்க வீட்டுக்கு அனுப்பு." யாரும் கடைக்குப் போகாதவரை எந்த பிளம்பரும் உள்ளே வர முடியாது.

இதில் ஒரு வசதி உண்டு. ஃபார்வர்டிங்கில் எந்தக் கருவி என்று உள்முகவரியைச் சொல்லியாக வேண்டும், அந்த முகவரி மாறாதபடி கட்டியும் வைக்க வேண்டும். ட்ரிக்கரிங்கில் அது தேவையில்லை. யார் வெளியே போனாரோ அவருக்கே வழி. ஆனால் "எந்த பிளம்பர் வந்தாலும்" என்ற சொற்களையும் கவனியுங்கள். திறந்திருக்கும் நேரத்தில், நாம் தொடர்புகொண்ட சர்வர் மட்டுமன்றி இணையத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் போர்ட்டைத் தட்டலாம்.

உங்களுக்கு இது வேண்டுமா?

வாட்ஸ்அப் அழைப்பு, ஜூம், இன்றைய ஆன்லைன் விளையாட்டுகள் எல்லாம் இந்த நாட் தடையைத் தாண்டும் வித்தையைத் தாங்களே கற்றுவைத்திருக்கின்றன. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மாதிரியான பெட்டிகள் யூபிஎன்பி மூலம் ரவுட்டரிடம் தாங்களே கேட்டு வழி வாங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பிறர் வந்து சேர வேண்டிய சர்வரை வீட்டில் நடத்துகிறீர்கள் என்றால் அது ஃபார்வர்டிங் வேலை. இவற்றைக் கழித்தால் ட்ரிக்கரிங்குக்கு மிஞ்சுவது ஒரு சிறிய கூட்டம்: பழைய விளையாட்டுகள், ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறை, சில அலுவலக மென்பொருள்கள். மென்பொருளின் உதவிப் பக்கமே "இந்தப் போர்ட்டில் வெளியே போவேன், இந்தப் போர்ட்டுகளில் உள்ளே வருவேன்" என்று சொன்னால் மேலே படியுங்கள். இல்லையென்றால் ரவுட்டரைச் சும்மா விடுவதே நல்லது.

தொடுவதற்கு முன் ஒரு சோதனை

இதைச் செய்யாமல் ஓர் இரவு முழுவதையும் நான் வீணடித்திருக்கிறேன். ரவுட்டருக்குள் நுழைந்து ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி அல்லது இன்டர்நெட் ஐபி (ரவுட்டரின் வெளிமுகவரி) என்று என்ன எண் காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு அதே வைஃபையில் பிரவுசரைத் திறந்து, உங்கள் ஐபியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் வரும் ஐபிவி4 எண்ணையும் பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் சிக்கலில்லை.

ரவுட்டரில் தெரிவது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குள் அடைத்து வைத்திருக்கிறது. சிஜிநாட் என்ற இந்த ஏற்பாட்டுக்காகவே 2012இல் தனியாக ஒதுக்கிய எண்வரிசை அது. உங்கள் வீட்டு வாட்ச்மேன் கதவைத் திறந்தாலும் தெருமுனையில் இன்னொரு பூட்டு தொங்கும். அதன் சாவி உங்களிடம் இல்லை. வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு "பப்ளிக் ஐபி" அல்லது "ஸ்டாட்டிக் ஐபி" கிடைக்குமா என்று கேட்பதுதான் வழி. பெரும்பாலும் மாதக் கட்டணம் கேட்பார்கள்.

எண் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால், முன்னால் இன்னொரு பெட்டி நாட் செய்துகொண்டிருக்கிறது. ஃபைபர்காரர் வைத்த ஓஎன்டி என்ற பெட்டிக்குப் பின்னால் நீங்கள் வாங்கிய வைஃபை ரவுட்டரை மாட்டியிருந்தால் இப்படித்தான் வரும். ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (நாட் செய்யாமல் வெறுமனே கடத்திவிடும் நிலைக்கு) மாற்றச் சொல்வது சுத்தமான தீர்வு. அது நடக்காவிட்டால் இரண்டு பெட்டியிலும் ஒரே விதியைப் போடலாம். வெளியே போகும் பாக்கெட் இரண்டையும் கடந்துதான் போகிறது, இரண்டு கதவும் வரிசையாகத் திறக்கும். ஆனால் 10 என்று தொடங்கும் எண்ணை இணைய நிறுவனமே கொடுத்திருந்தால் அதுவும் சிஜிநாட் கதைதான்.

இரண்டே எண்கள்

ட்ரிக்கரிங் விதிக்குத் தேவை இரண்டு விஷயம். ஒன்று, தூண்டும் போர்ட்: உங்கள் மென்பொருள் வெளியே எந்தப் போர்ட்டை நோக்கிப் போகிறதோ அது. மற்றொன்று, உள்ளே வரும் போர்ட் அல்லது போர்ட் வரிசை. ஒவ்வொன்றுக்கும் டிசிபியா யூடிபியா (தரவை அனுப்பும் இரு முறைகள்) என்பதும் தெரிய வேண்டும்.

தூண்டும் போர்ட் என்பது எதிர்முனை சர்வரின் போர்ட். உங்கள் கணினி தன் பக்கத்தில் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் எண்ணை இங்கே போட்டால் பயனில்லை, அது ஒவ்வொரு முறையும் மாறும்.

பழைய உதாரணம் ஒன்று. 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டின் மூலப் பதிப்பு, மைக்ரோசாஃப்டின் டைரக்ட்பிளே முறையில் இணையும். வெளியே போவது 47624, திரும்பி வருவது 2300 முதல் 2400 வரை. அந்தப் பழைய சிடியைத் தூசி தட்டி எடுப்பவர்களுக்கு ட்ரிக்கரிங் இன்றும் உதவும்.

ஆனால் கற்றுக்கொள்வதற்கு நான் சிபாரிசு செய்வது ஐஆர்சி. 1988இல் ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் பிறந்த அரட்டை முறை அது, இன்னும் மூச்சு விடுகிறது. நீங்கள் சர்வரில் நுழைந்ததும், "உன் கணினியில் இந்தப் பயனர் யார்?" என்று சர்வர் உங்கள் 113ஆம் போர்ட்டைத் தட்டிக் கேட்கும். ஐடென்ட் என்று பெயர். ஒரே யூனிக்ஸ் கணினியில் நூறு பேர் உட்கார்ந்த காலத்துப் பழக்கம். வெளியே போவது ஒரு போர்ட், உள்ளே தேடி வருவது இன்னொன்று: ட்ரிக்கரிங்குக்கு இதைவிடத் தோதான பாடம் கிடையாது. அதைவிட முக்கியம், விதி வேலை செய்கிறதா இல்லையா என்று திரையிலேயே எழுதிக் காட்டிவிடும்.

நாம் போடப்போகும் விதி: தூண்டுவது ஐஆர்சி சர்வரின் 6697 டிசிபி, உள்ளே வருவது 113 டிசிபி.

ரவுட்டருக்குள்

பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்தால் உள்நுழையும் பக்கம் வரும். வரவில்லையென்றால், விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் போய் டீஃபால்ட் கேட்வே என்ற எண்ணைப் பாருங்கள். அதுதான் ரவுட்டரின் முகவரி. பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். இன்னமும் அந்த ஸ்டிக்கர் கடவுச்சொல்லே ஓடுகிறது என்றால், இன்றைக்கு முதல் வேலை அதை மாற்றுவது.

இரண்டாவது வேலை, பேக்கப். சிஸ்டம் டூல்ஸ் மாதிரி ஒரு மெனுவில் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் இருக்கும். ஒரு சொடுக்கில் இப்போதைய அமைப்பு கோப்பாக இறங்கிவிடும். ஏதாவது குளறுபடியானால் வீட்டில் எல்லோரும் "நெட் வரலை" என்று வந்து நிற்பதற்குள் பழைய நிலைக்குப் போய்விடலாம்.

மெனு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி. டிபி-லிங்கில் அட்வான்ஸ்டு, அதற்குள் நாட் ஃபார்வர்டிங், அதற்குள் போர்ட் ட்ரிக்கரிங். ஆட் என்பதைச் சொடுக்கினால் ட்ரிக்கரிங் போர்ட், ட்ரிக்கரிங் ப்ரோட்டோகால், எக்ஸ்டர்னல் போர்ட், எக்ஸ்டர்னல் ப்ரோட்டோகால் என்று நான்கு கட்டங்கள் வரும். முதல் இரண்டில் 6697, டிசிபி. அடுத்த இரண்டில் 113, டிசிபி. எனேபிள் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சேவ்.

நெட்கியரில் அட்வான்ஸ்டு தாவலில் அட்வான்ஸ்டு செட்டப்புக்குள் போர்ட் ஃபார்வர்டிங், போர்ட் ட்ரிக்கரிங் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும். மேலே ட்ரிக்கரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் "டிசேபிள் போர்ட் ட்ரிக்கரிங்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் இருந்தால் நீங்கள் போடும் எந்த விதியும் ஓடாது, பிழை என்றும் சொல்லாது. டைம்அவுட் என்ற கட்டத்தில் 20 நிமிடம் என்றிருக்கும்: போக்குவரத்து எதுவும் இல்லாமல் அவ்வளவு நேரம் போனால் கதவு மூடிக்கொள்ளும். அதை அப்படியே விடுங்கள்.

ஆசுஸில் வான் மெனுவுக்குள் போர்ட் ட்ரிக்கர் தாவல். ட்ரிக்கர் போர்ட், இன்கமிங் போர்ட் என்று தெளிவாகவே கேட்கும். லிங்க்சிஸின் பழைய பெட்டிகளில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் கேமிங் மெனுவில் போர்ட் ரேஞ்ச் ட்ரிக்கரிங். அங்கே ட்ரிக்கர்டு ரேஞ்ச் என்பது வெளியே போவது, ஃபார்வர்டட் ரேஞ்ச் என்பது உள்ளே வருவது. ஒரே எண் என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் அதையே போடுங்கள். லிங்க்சிஸ்காரர்கள் செக்யூரிட்டி மெனுவில் "ஃபில்டர் ஐடென்ட்" என்ற டிக்கையும் எடுத்துவிட வேண்டும், அது 113ஐ வாசலிலேயே மறிக்கும்.

இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில் இந்த மெனுவே இல்லாமல் இருக்கலாம். சாதாரணப் பயனர் கணக்கில் நுழைந்தால் பாதி மெனுக்களை மறைத்துவைப்பது அவர்கள் வழக்கம். அப்போது அவர்களிடம் கேட்பதா, சொந்த ரவுட்டர் வாங்கி ஓஎன்டியை பிரிட்ஜில் போடுவதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

இங்கேதான் நிறையப் பேர் நல்ல விதியைக் கெட்டது என்று அழித்துவிடுகிறார்கள். போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதிக்கும் தளத்துக்குப் போய் 113 என்று அடிப்பார்கள், "குளோஸ்டு" என்று வரும். வரத்தான் செய்யும். யாரும் இன்னும் வெளியே போகவில்லை, கதவு எப்படித் திறக்கும்? தூண்டிய பிறகு பார்த்தாலும், அந்தப் போர்ட்டில் காது கொடுக்கும் மென்பொருள் உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அப்போதும் குளோஸ்டுதான்.

ஆகவே ஐஆர்சி. விண்டோஸில் எம்ஐஆர்சி என்ற ஐஆர்சி மென்பொருளை நிறுவுங்கள், சோதனைக் காலம் நமக்குத் தாராளம். ஆப்ஷன்ஸுக்குள் கனெக்ட், அதன் கீழ் ஐடென்ட்டி என்று இருக்கும். ஐடென்ட்டி சர்வரை எனேபிள் செய்து, யூசர் ஐடியில் ஒரு பெயர் கொடுங்கள், குமார் என்று வைத்துக்கொள்வோம். போர்ட் 113 என்றே இருக்கட்டும். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள். அவசரத்தில் கேன்சல் அழுத்திவிட்டால் ரவுட்டர் திறந்த கதவை விண்டோஸ் மூடிவிடும், நீங்கள் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து லிபெரா சாட் என்ற ஐஆர்சி வலையமைப்பில் இணையுங்கள். இந்தச் சோதனைக்கு அதன் ஐபிவி4 முகவரியையே பயன்படுத்துங்கள்: ஐஆர்சி டாட் ஐபிவி4 டாட் லிபெரா டாட் சாட் என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். போர்ட் 6697, அது பாதுகாப்பான இணைப்பு என்பதால் எம்ஐஆர்சியில் எண்ணுக்கு முன் ஒரு கூட்டல் குறி. சாதாரண முகவரியைக் கொடுத்தால், ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை உள்ள வீடுகளில் இணைப்பு அந்த வழியாகப் போய்விடலாம். அங்கே நாட் என்ற பேச்சே இல்லை, நம் விதியும் சோதனைக்கு வராது.

இணைந்ததும் முதல் சில வரிகளைக் கவனியுங்கள். "செக்கிங் ஐடென்ட்" என்று வரும். அடுத்து "காட் ஐடென்ட் ரெஸ்பான்ஸ்" என்று வந்தால் வேலை முடிந்தது. "நோ ஐடென்ட் ரெஸ்பான்ஸ்" என்றால் வழியில் எங்கோ அடைப்பு. இன்னும் உறுதி வேண்டுமென்றால் உங்கள் புனைபெயரை ஹூயிஸ் கட்டளையில் கேட்டுப் பாருங்கள். ஐடென்ட் பதில் போகாவிட்டால் பெயருக்கு முன் ஓர் அலைக்குறி (~) ஒட்டியிருக்கும். போயிருந்தால் வெறும் குமார். விதியை நிறுத்திவிட்டு ஒரு முறை, இயக்கிவிட்டு ஒரு முறை இணைந்து பாருங்கள். அலைக்குறி வருவதும் போவதும் கண்ணெதிரே தெரியும். எனக்கு ட்ரிக்கரிங் மண்டையில் ஏறியது அந்த ஒற்றைக் குறியைப் பார்த்தபோதுதான்.

சரிவராவிட்டால்

முதலில் இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 113ஐத் தூண்டும் பக்கத்திலும் 6697ஐ உள்ளே வரும் பக்கத்திலும் போட்டுவிட்டு நான் தேடாத இடமில்லை.

இரண்டாவது, வீட்டில் இன்னொரு கருவி அதே விதியைப் பிடித்துவைத்திருக்கலாம். ஒரு விதி ஒரு நேரத்தில் ஒரே கருவிக்குத்தான். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் ஒரே பழைய விளையாட்டை இரண்டு கணினியில் ஆட நினைத்தால் ஒருவருக்கு மட்டுமே வழி. அண்ணன் முடித்து, டைம்அவுட் கடந்த பிறகுதான் தம்பிக்கு. இதற்கு ட்ரிக்கரிங்கில் மருந்து கிடையாது.

மூன்றாவது, அதே 113ஐ ஃபார்வர்டிங்கிலும் போட்டிருந்தால் இரண்டும் முட்டும். சில ரவுட்டர்கள் சேவ் செய்யவே விடாது, சில வாயைத் திறக்காது.

ஒரு தவறு தனியாகச் சொல்ல வேண்டியது. மென்பொருள் எந்தப் போர்ட்டில் போகிறது என்று தெரியாமல், "எதுக்கும் இருக்கட்டும்" என்று தூண்டும் போர்ட்டாக 443ஐப் போடுகிறவர்கள் உண்டு. இன்றைய இணையதளங்கள் கிட்டத்தட்ட எல்லாமே 443 வழியாகத்தான் ஓடுகின்றன. அம்மாவின் போனில் யூடியூப் திறந்தாலே விதி தூண்டப்படும். கதவு அந்தப் போனுக்குத் திறக்கும், நாள் முழுக்க மூடவும் மூடாது. உங்கள் கணினிக்கு வழியும் கிடைக்காது, வீட்டுக்குக் காவலும் இருக்காது. அபூர்வமான எண்தான் நல்ல தூண்டுபோர்ட். அதே போல உள்ளே வரும் வரிசையையும் 1 முதல் 65535 வரை என்று அகலத் திறக்காதீர்கள், மென்பொருள் கேட்பது ஒன்றென்றால் ஒன்று மட்டும்.

மச்சானின் கேமரா

வான் ஐபி என்ன காட்டுகிறது என்று அவரையே பார்க்கச் சொன்னேன். 100.72 என்று தொடங்கியது. ஆக ஃபார்வர்டிங் போட்டிருந்தாலும் கேமரா தெரிந்திருக்காது.

"அப்போ ஸ்டாட்டிக் ஐபி வாங்கிடவா, மாப்ள?"

வேண்டாம் என்றேன். டிவிஆரை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவைப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. 2016இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடித் தேடிப் பிடித்துப் படையாகத் திரட்டியது. அந்த அக்டோபரில் டைன் என்ற நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர் உட்படப் பெரிய தளங்கள் பலவும் மணிக்கணக்கில் தடுமாறின. படையில் இருந்தவை வீட்டு மூலையில் கிடந்த இந்த மாதிரிப் பெட்டிகள்.

அவருடைய டிவிஆரின் அடியில் ஒரு க்யூஆர் கோடு இருந்தது. கம்பெனியின் செயலியில் அதை ஸ்கேன் செய்தால், டிவிஆரே வெளியே போய் அவர்களுடைய சர்வரில் காத்திருக்கும். போனும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளும். உள்ளேயிருந்து வெளியே போகும் இணைப்பு என்பதால் சிஜிநாட்டும் தடுக்காது. கடவுச்சொல்லை முதலில் மாற்ற வைத்தேன், பிறகு ஸ்கேன் செய்யச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வாசல் தெரிந்தது.

"இப்ப அந்த ட்ரிக்கரிங் விதியை அழிச்சிடுங்க மச்சான்" என்றேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே, ஒண்ணும் பண்ணாதுதானே?"

என்ன எண் போட்டீர்கள் என்று கேட்டேன். தூண்டும் போர்ட் 80, உள்ளே வருவதும் 80. 443 மாதிரியே இணையதளங்களுக்கான எண் அதுவும். லைனில் இருந்தபடியே டெலீட் சொடுக்க வைத்த பிறகுதான் போனை வைத்தேன்.